ஆன்லைன் டெஸ்ட்டிலேயே வடிகட்டிவிடுகிறார்கள்: ஐடி வேலையில் பார்வையற்றவர்களுக்கு இடம் எங்கே?

செவிவழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் பார்வையற்றவன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். இப்போது வேறு வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். நேர்காணலில் உட்கார்ந்து பேசுவது எனக்குப் பிரச்சினையே இல்லை. அதற்கு முன்னால் வரும் ஆன்லைன் டெஸ்ட்டைத்தான் தாண்ட முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் கணினியைத் திரைவாசிப்பானின் உதவியோடு பயன்படுத்துகிறோம். திரையில் இருப்பதை அது குரலில் படித்துச் சொல்லும். மவுஸ் கிடையாது, எல்லாம் கீபோர்டுதான். நான் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேமி டே என்ற இரண்டு பார்வையற்றவர்கள் 2006-இல் தொடங்கிய மென்பொருள் அது. முழுக்க இலவசம். விலை கொடுத்து வாங்கவேண்டிய ஜாஸ் என்ற திரைவாசிப்பான் மட்டுமே இருந்திருந்தால் என்னைப் போன்ற பலர் கணினிப் பக்கமே வந்திருக்க முடியாது.

இப்போது டெஸ்ட்டுக்கு வருவோம். லிங்க் வரும். திறந்தால் முழுத்திரையில் மட்டும் ஓடும் ஒரு பிரவுசர். பின்னால் ஓடுகிற மற்ற மென்பொருள்களை மூடச் சொல்லும். அதன் கணக்கில் என்விடிஏவும் மூடவேண்டிய மென்பொருள்தான். மூடினால் எனக்குத் திரை இல்லை, மூடாவிட்டால் டெஸ்ட் தொடங்காது. சில தளங்களில் அதைத் தாண்டி உள்ளே போய்விடலாம். அங்கே விதிமுறைகள் காத்திருக்கும். இயர்போன் போடக்கூடாது. அறையில் வேறு குரல் கேட்கக்கூடாது. பார்வை திரையை விட்டு விலகக்கூடாது. என் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது என் கையில் இல்லை. ஆனால் கேமரா அதைச் சந்தேகத்துக்குரிய அசைவு என்று குறித்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் இதே நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் 'அனைவரையும் வரவேற்கிறோம்' என்றுதான் போட்டிருக்கும். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு ஒரு விழா, ஒரு வாழ்த்துப் படம். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் சொல்லும் மாற்று விளக்கம்கூட எழுதியிருக்க மாட்டார்கள், என் திரைவாசிப்பான் வெறுமனே 'இமேஜ்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு விழா வேண்டாம். பன்முகத்தன்மை, எல்லோரையும் உள்ளடக்குதல் என்று எத்தனை மேடையில் பேசினாலும் ஒருவன் உள்ளே வருவானா மாட்டானா என்பது அந்த டெஸ்ட் பக்கத்தில்தான் முடிவாகிறது.

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். இந்த விதிமுறைகளை யார் முடிவு செய்கிறார்கள்? யாரிடம் கேட்டால் மாறும்?

ஓஎம்ஆர்_வாசி

படிக்கவே சங்கடமாக இருக்கிறது நண்பரே. நான் பத்து வருடமாகக் கோடு (நிரல்) எழுதுகிறவன், பார்வையற்ற சக ஊழியர் ஒருவருடன்கூட வேலை பார்த்ததில்லை. அதனால் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பைத்தான் மாதிரி மொழியில் ஒவ்வொரு வரியும் எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதுதானே எல்லாம்? அதை எப்படிக் காதால் தெரிந்துகொள்வீர்கள்?

செவிவழி

தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை சார், கேட்காமல் ஊகித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

என்விடிஏவில் ஒரு வசதி உண்டு. வரி உள்ளே தள்ளிப் போகப் போக, ஒரு ஒலியின் சுருதி மாறும். நாலு இடைவெளிக்கு ஒரு சுருதி, எட்டுக்கு வேறொன்று. பழகிவிட்டால் வரியைப் படிப்பதற்கு முன்பே அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடு திரைவாசிப்பானோடு நன்றாக ஒத்துழைக்கிறது. பிழை எந்த வரியில் இருக்கிறதோ அங்கே ஒரு ஒலி, சோதிப்பதற்காக நிரலை நிறுத்தும் பிரேக்பாயின்ட் இருந்தால் இன்னொரு ஒலி. பேச்சு வேகத்தையும் ஏற்றி வைத்திருப்போம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஒரு சொல்கூடப் புரியாது.

டி.வி. ராமன் என்று ஒருவர் இருக்கிறார். பதினான்கு வயதில் கிளாக்கோமாவால் பார்வையை இழந்தவர். மும்பை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1994-இல் முடித்த ஆய்வில், கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி படித்துக்காட்டும் ஒரு மென்பொருளை உருவாக்கினார். அடுத்த வருடம், ஈமேக்ஸ் என்ற எழுதும் மென்பொருளைப் பேசவைக்கும் ஈமேக்ஸ்பீக். பிறகு கூகுளில் சேர்ந்து ஆண்ட்ராய்டையும் குரோமையும் பார்வையற்றவர்கள் பயன்படுத்த வழிசெய்தவர்களில் ஒருவரானார். கோடு எழுத முடியுமா என்ற கேள்விக்கு முப்பது வருடத்துக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்துகொண்டு 'இங்கே பாருங்க, இதிலிருந்து இங்கே போகுது' என்பார்கள். அது எனக்கு ஒன்றுமே இல்லாத வாக்கியம். என் இப்போதைய டீம் லீடு இதைத் தானாகவே புரிந்துகொண்டு, வரைபடம் எல்லாவற்றையும் மெர்மெய்ட் என்ற கருவியில் எழுத ஆரம்பித்தார். அதில் படம் என்பதே எழுத்துதான், வரி வரியாகப் படித்துக்கொள்ளலாம். இதற்கு நிறுவனத்துக்குச் செலவே ஆகவில்லை. ஆறு மாதம் கழித்து விடுப்பில் போய்வந்த மற்றவர்களுக்கும் அந்தக் கோப்புகள்தான் உதவின.

ஆளெடுக்கும்_அக்கா

நான் மனிதவளத் துறையில் இருக்கிறேன், பெரும்பாலும் கல்லூரி வளாகத் தேர்வு. செவிவழி தம்பி கேட்டதற்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

டெஸ்ட்டை நாங்கள் நடத்துவதில்லை. வெளியே ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்திருப்போம். ஒரு சீசனில் ஆயிரக்கணக்கான பேர் எழுதுவார்கள். எல்லோருக்கும் ஒரே அமைப்பு, அதுவும் மிகக் கடுமையான அமைப்பு. கேமரா, மைக், முழுத்திரை எல்லாவற்றையும் 'ஆன்' செய்துவிடுவார்கள். ஒரு தேர்வருக்கு மட்டும் தளர்த்த முடியுமா என்றால், நான் பார்த்த தளங்களில் முடியும். நேரத்தைக் கூட்டலாம், தானியங்கிக் கண்காணிப்பை நிறுத்திவிட்டு ஒரு மனிதரை வீடியோவில் உட்கார வைக்கலாம். ஆனால் யாராவது கேட்டால்தான் செய்வார்கள். கேட்கும் வழியோ தேர்வருக்குத் தெரியாது. அழைப்பு வரும் மின்னஞ்சல் முகவரிக்குப் பதில் போட்டால் போகவே போகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விண்ணப்பத்தில் 'மாற்றுத்திறனாளியா?' என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்று டிக் செய்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்வார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அந்தத் தகவல் டெஸ்ட் நடத்துகிறவர்களுக்குப் போவதே இல்லை. அறிக்கைக்குப் போகிறது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்கு பிஆர்எஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்பு அறிக்கை தரவேண்டும். அதில் மாற்றுத்திறனாளி ஊழியர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் உண்டு. அலுவலகத்துக்குள் அவர்கள் வந்துபோக வசதி இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எத்தனை பேர் விண்ணப்பித்து, எத்தனை பேர் டெஸ்ட் பக்கத்தைத் திறக்க முடியாமல் திரும்பிப் போனார்கள் என்பதற்கு அதில் இடம் இல்லை. எண்ணப்படாதவர்களைப் பற்றி எந்த மீட்டிங்கிலும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

நேர்மைக்கோடு

செவிவழி அவர்களின் வருத்தம் நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்லவேண்டும்.

ஆன்லைன் டெஸ்ட்டில் காப்பி அடிப்பது எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காதில் ஒரு சின்ன இயர்போன், பக்கத்து அறையிலிருந்து நண்பன் விடை சொல்வான். இயர்போன் தடை, கண் கண்காணிப்பு எல்லாம் அதற்காக வந்தவை. சின்ன ஊர்க் கல்லூரியில் நேர்மையாகப் படித்துவிட்டு வரும் பையனுக்கு அந்தக் கண்காணிப்புதான் பாதுகாப்பு. அதைத் தளர்த்தினால் பாதிக்கப்படுவது அவன்தான்.

கூடுதல் நேரத்தைப் பற்றியும் எனக்குக் கேள்வி இருக்கிறது. வேலையில் டெட்லைன் எல்லோருக்கும் ஒன்றுதானே? டெஸ்ட்டில் மட்டும் ஏன் வேறு கணக்கு? கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மதுரை_வாத்தியார்

நேர்மைக்கோடு தம்பிக்கு. நான் கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுப்பவன். என் வகுப்பில் பார்வையற்ற மாணவர்கள் தொடர்ந்து படிக்கிறார்கள்.

ஒரு கேள்வியை நீங்கள் படிப்பதற்கும் அவர்கள் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். உங்கள் கண் கேள்வி, நான்கு விடைகள், மேலே இருக்கும் அட்டவணை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தொட்டுவிடும். விடையிலிருந்து அட்டவணைக்கு ஒரு நொடியில் தாவும். அவர்களோ அட்டவணையைக் கட்டம் கட்டமாகக் கேட்டு நினைவில் வைத்து, கீழே வந்து விடையைக் கேட்டு, மறுபடி மேலே போகவேண்டும். விடை தெரிந்த கேள்விக்குக்கூட அந்த நடை குறையாது. கூடுதல் நேரம் அந்த நடைக்கான நேரம். சிந்திப்பதற்கு யாரும் சலுகை கேட்கவில்லை.

இது புதிய கோரிக்கையும் இல்லை. மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதலில், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொல்லியிருக்கிறது. சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம், கணினியிலும் எழுதலாம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவர் யுபிஎஸ்சி தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார். சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். தேவை இருக்கிறதா என்பதுதான் கேள்வி, சதவீதம் அல்ல என்று தீர்ப்பு வந்தது.

டெட்லைன் பற்றி. வேலையில் தனக்குப் பழகிய கருவியோடு, தன் வேகத்துக்கு அமைத்துக்கொண்ட கணினியில் உட்காருவார்கள். டெஸ்ட்டில்தான் அறிமுகமில்லாத பக்கம், லேபிள் இல்லாத பட்டன். இரண்டும் ஒரே நிலைமை இல்லை.

காப்பி அடிக்கும் பிரச்சினை உண்மை. அதற்கு ஆளெடுக்கும்_அக்கா சொன்னதே வழி. ஒரு கண்காணிப்பாளர் வீடியோவில் இருக்கட்டும், திரைவாசிப்பான் குரலை ஸ்பீக்கரில் அவரும் கேட்கட்டும்.

சொல்லப்போனால் பிரச்சினை டெஸ்ட்டுக்கும் முன்பே தொடங்குகிறது. தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறி (யூனிகோட்), டேஸ்16 என்ற இரண்டு குறியாக்கங்களையும் கணினித் தமிழுக்கான தரமாக அறிவித்தது. இன்றும் என் மேசைக்கு வரும் பாடக்குறிப்புகளில் பழைய எழுத்துருவில் அடித்தவை பாதிக்கு மேல். பார்ப்பவர் கண்ணுக்கு அழகான தமிழ். திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்துக் குப்பையாகப் படிக்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது அதுதான். மீதியில் நிறைய ஸ்கேன் செய்த பிடிஎஃப், அதில் படிக்க எழுத்தே கிடையாது. மற்ற மாணவன் முதல் வாரத்தில் படிக்கத் தொடங்கும் பாடத்தை இவன் யாராவது தட்டச்சு செய்து தரும்வரை காத்திருந்து படிக்கிறான்.

மௌனமொழி

நான் காது கேளாதவள், யூஐ டிசைனர். தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு முதல் மொழி சைகை மொழி.

எனக்கு டெஸ்ட் பிரச்சினை இல்லை. போன் பிரச்சினை. விண்ணப்பத்தில் 'காது கேளாதவர், தயவுசெய்து மின்னஞ்சல் அல்லது மெசேஜ்' என்று முதல் வரியில் எழுதியிருப்பேன். அப்படியும் போன் அடிக்கும். எடுக்க மாட்டேன். 'தேர்வர் பதிலளிக்கவில்லை' என்று மூடிவிடுவார்கள். அம்மாவிடம் கொடுத்துப் பேச வைத்தால், 'பொண்ணு ஏன் பேசலை, கம்யூனிகேஷன் ஸ்கில் முக்கியம்' என்பார்கள்.

வேலை கிடைத்த பிறகு மீட்டிங். ஆங்கிலத்தில் மட்டும் பேசினால், பேச்சை எழுத்தாகக் காட்டும் தானியங்கி வசன வரி ஓரளவு வரும். நம் ஊர் மீட்டிங் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். அப்போது வசன வரி அர்த்தமில்லாத சொற்களைக் கொட்டும். எல்லோரும் சிரிப்பார்கள், நான் ஏன் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் டெல்லியில் தொடங்கியதே 2015-இல்தான். மொழிபெயர்ப்பாளர்கள் மிகக் குறைவு. தொழில்நுட்பச் சொல் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அதைவிடக் குறைவு.

என் இப்போதைய டீமில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். மீட்டிங் முடிவுகளை சாட்டில் எழுதாமல் யாரும் கலைந்து போகக்கூடாது. அது போதும் எனக்கு.

சக்கரம்

மௌனமொழி, உங்கள் தமிழில் பிழை எதுவும் இல்லை.

நான் வீல்சேரில் இருப்பவன். டெஸ்ட், போன் இரண்டையும் தாண்டிவிட்டேன். 2020-இல் எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னபோதுதான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அதற்கு முன் கேட்ட இடங்களில் எல்லாம் 'வீட்டிலிருந்து என்றால் முடியவே முடியாது' என்றார்கள். ஒரே மாதத்தில் முடிந்துவிட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வரச் சொல்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் மூன்று உயரமான படி. அலுவலகத்தில் சாய்தளம், பெரிய கழிவறை எல்லாம் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குத்தான் வழி இல்லை. மாநகரப் பேருந்தில் தாழ்தள வண்டிகளை உயர் நீதிமன்றம் வரை போய் வாங்கவேண்டியிருந்தது, 2024-இல்தான் வந்தன. எங்கள் வழித்தடத்தில் இன்னும் இல்லை.

கருப்புக்கோட்டு

சட்டம் பற்றி யாரும் முழுமையாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வழக்கறிஞர் நான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. தனியாருக்கு ஒதுக்கீடு கிடையாது, அதனால் 'இந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை' என்று பல நிறுவனங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அது சரியில்லை. 21-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ தலைமை ஆணையரிடமோ பதிவு செய்யவேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தால், எந்தெந்தப் பணிகள் பொருத்தமானவை, எப்படித் தேர்வு நடக்கும், என்னென்ன வசதி உண்டு என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். இதைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்கவேண்டும். விதியை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரை.

ஆகவே செவிவழி தம்பி, 'யாரிடம் கேட்பது' என்ற உங்கள் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது: அந்தத் தொடர்பு அலுவலர். அவர் பெயரும் முகவரியும் நிறுவனத்தின் தளத்தில் இல்லை என்றால் அதையே மாநில ஆணையரிடம் புகாராக எழுதலாம். மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகத்துக்கு எழுத வழக்கறிஞர் தேவையில்லை.

சமீபத்தில் வந்த இரண்டு தீர்ப்புகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக இருக்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஏப்ரல் 30-இல் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு பிரக்யா பிரசூன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்கள் தொடுத்த வழக்கு அது. வங்கிக் கணக்குத் தொடங்கக் கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொல்கிறார்கள், அவர்களால் சிமிட்ட முடியாது. பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கும் சேர்த்து விசாரிக்கப்பட்டது. இணைய சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்து தரும் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி பற்றியது, வேலைத் தேர்வு பற்றியது இல்லை. ஆனாலும் கண் அசைவை வைத்து மனிதரை அளக்கும் கேமராவை எதிர்த்து எழுதும்போது இதைவிட நெருக்கமான தீர்ப்பு உங்களுக்குக் கிடைக்காது.

முன்பக்கம்

ஃப்ரன்ட் எண்ட் டெவலப்பர். நிர்வாகம் செய்யும் வரை காத்திருக்காமல் கோடு எழுதுகிற நாமே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதைச் சொல்ல வந்தேன்.

வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஒவ்வொரு வருடமும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கத்தைச் சோதிக்கிறது. 2024-இல் 95.9 சதவீதப் பக்கங்களில் அணுகல் பிழை இருந்தது. இது பெரிய தொழில்நுட்பச் சிக்கல் என்று நினைக்காதீர்கள். திரும்பத் திரும்ப வருவது அதே ஆறு பிழைகள்: மங்கலான நிற வேறுபாடு, படத்துக்கு மாற்று விளக்கம் இல்லை, படிவக் கட்டத்துக்கு லேபிள் இல்லை, வெற்று லிங்க், வெற்று பட்டன், பக்கத்தின் மொழி குறிப்பிடப்படவில்லை. பட்டன் வேண்டுமென்றால் பட்டன் டேக் போடுங்கள். டிவ் என்ற வெறும் பெட்டியைப் போட்டு அதற்கு நிறமடித்துப் பட்டன் மாதிரி காட்டினால், கீபோர்டால் அங்கே போகவே முடியாது.

கடைசிப் பிழை தமிழ்த் தளங்களில் மிக அதிகம். பக்கத்தின் தலையில் மொழி தமிழ் என்று ஒரே ஒரு பண்பு போட்டால் போதும், திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற தமிழ்க் குரல் இருக்கிறது, ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளிலும் தமிழ் உண்டு. மொழியை ஆங்கிலம் என்று விட்டுவிட்டால் குரல் திணறும். இதைச் சரிசெய்ய அரை நிமிடம்கூட ஆகாது. நானே பல செய்தித் தளங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

நிர்வாகத்தை அசைக்க எனக்கு உதவியது வியாபாரம்தான். அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் அணுகல்தன்மை உள்ள மென்பொருளைத்தான் வாங்கவேண்டும் என்று அவர்களுடைய மறுவாழ்வுச் சட்டத்தின் 508-ஆம் பிரிவு சொல்கிறது. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சென்னையிலிருந்து அங்கே மென்பொருள் விற்கிறவர்களிடம் வாடிக்கையாளரே மென்பொருளின் அணுகல்தன்மையை விவரிக்கும் விபாட் அறிக்கை கேட்கிறார். அதைத் தயாரிக்கத் திரைவாசிப்பானில் நாள் முழுக்க வேலை செய்பவர் வேண்டும். நான் ஒரு மணிநேரம் என்விடிஏ போட்டுப் பார்ப்பதும் செவிவழி மாதிரி ஒருவர் பார்ப்பதும் ஒன்றாகாது. நாங்கள் 'பாஸ்' போட்ட பக்கத்தில் பார்வையற்ற டெஸ்டர் ஒருவர் முதல் நாளே, கீபோர்டால் உள்ளே போனால் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும் இடத்தைக் கண்டுபிடித்தார்.

செவிவழி

முன்பக்கம் சொன்னது சந்தோஷம், ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்க்கவேண்டும். பார்வையற்றவன் என்றால் அணுகல்தன்மை டெஸ்டிங் மட்டும்தான் என்று இப்போது ஒரு புதுச் சுவர் எழும்புகிறது. எனக்கு அந்த வேலை பிடிக்கும். என் நண்பன் ஒருவனுக்கு டேட்டாபேஸ்தான் உயிர். அவனிடமும் 'அணுகல்தன்மை டீமில் இடம் இருக்கு' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே பதவி உயர்வுக்கு மேலே படிகளும் குறைவு. உள்ளே விட்டு ஒரு அறையில் உட்கார வைப்பது எங்களுக்குப் போதாது.

ஈரோடு_அம்மா

நான் ஐடியில் இல்லை. என் மகனுக்கு ஆட்டிசம். பொறியியல் முடித்துவிட்டான், லாஜிக்கில் கெட்டிக்காரன். குரூப் டிஸ்கஷன் என்றால் வாயே திறக்க மாட்டான். நேர்காணலில் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான். எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனம் 2013-இல் ஆட்டிசம் உள்ளவர்களை எடுக்கத் தனித் திட்டம் தொடங்கியது என்றும், முதலில் செய்துபார்த்த இடங்களில் பெங்களூரும் ஒன்று என்றும் படித்தேன். அங்கே பேச வைப்பதற்குப் பதில் வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்த்தார்களாம். அப்படி ஒரு தேர்வு வைத்தால் அவன் நிச்சயம் தேறுவான். தமிழ்நாட்டில் அப்படி எடுக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள் ஐயா.

நேர்மைக்கோடு

மதுரை வாத்தியார் ஐயா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. கூடுதல் நேரம் பற்றி எனக்கு இருந்த கேள்வி தீர்ந்துவிட்டது. அட்டவணை உதாரணத்தைப் படித்த பிறகு என்விடிஏவை இறக்கி, திரையை அணைத்துவிட்டு ஒரு மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்தேன். பழக்கமில்லாதவன் என்பது பாதிக் காரணம் என்றாலும், மேலும் கீழும் அலைகிற அலைச்சல் நிஜம்.

ஆனால் கண்காணிப்பு விஷயத்தில் என் நிலையில் பெரிய மாற்றமில்லை. மனிதர் உட்கார்ந்து கண்காணித்தால் செலவு. பெரிய நிறுவனம் தாங்கும். முப்பது பேர் இருக்கும் கோயம்புத்தூர் ஸ்டார்ட்அப் என்ன செய்யும்?

ஆளெடுக்கும்_அக்கா

சின்ன நிறுவனத்துக்கு இது இன்னும் எளிது. ஆயிரம் பேரை ஒரே நாளில் வடிகட்டவேண்டியவர்களுக்குத்தான் தானியங்கி டெஸ்ட் தேவை. முப்பது பேர் நிறுவனம் ஒரு இடத்துக்கு ஆள் தேடும்போது, அந்த ஒருவருக்கு ஒரு சின்ன புரோகிராமைக் கொடுத்து, வீடியோவில் ஒரு டெவலப்பர் கூடவே இருந்து எழுதச் சொன்னால் முடிந்தது. பழைய காலத்தில் அப்படித்தான் எடுத்தோம்.

நான் இந்த வாரம் இரண்டு வேலை செய்யப்போகிறேன். எங்கள் டெஸ்ட் அழைப்பு மின்னஞ்சலில் 'வேறு ஏற்பாடு தேவையென்றால் இங்கே எழுதுங்கள்' என்று மனிதர் படிக்கும் ஒரு முகவரியைச் சேர்க்கிறேன். இதற்கு யார் அனுமதியும் எனக்குத் தேவையில்லை. அடுத்தது, ஒப்பந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கப்போகிறேன்: உங்கள் தளம் என்விடிஏவோடு ஓடுமா, யார் சோதித்தார்கள் என்று. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் என்பதால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். செவிவழி தம்பி, வேறு என்ன கேட்கவேண்டும்? மௌனமொழி, போன் விஷயத்தை எங்கள் டீமில் நானே பேசுகிறேன்.

செவிவழி

நன்றி அக்கா. அவர்களிடம் இவற்றையும் கேளுங்கள்.

திரைவாசிப்பானை மூடாமலே டெஸ்ட் தொடங்க முடியுமா? கேள்விகளில் படமாக ஒட்டிய கோடு இருக்கிறதா? இருந்தால் எழுத்தாக மாற்றித் தரவேண்டும், மாற்று விளக்கம் போட்டால் போதாது, கோடை வரி வரியாக நகர்ந்து படிக்கவேண்டும். இழுத்துப் போடும் வகைக் கேள்விக்குக் கீபோர்டு வழி உண்டா? கோடு எழுதும் பெட்டிக்குள் டேப் விசையை அழுத்தினால் வெளியே வர என்ன வழி? மீதி நேரத்தை நாங்கள் கேட்கும்போது மட்டும் சொல்லட்டும், நொடிக்கு நொடி அறிவித்தால் கேள்வி காதில் விழாது. முக்கியமாக, உண்மையான தேர்வுக்கு முன் மதிப்பெண் இல்லாத ஒரு ஒத்திகைப் பக்கம் வேண்டும். என் கணினியில் ஓடுகிறதா என்று முந்தைய நாளே பார்த்துக்கொண்டால் தேர்வு நேரத்தில் அல்லாட வேண்டியதில்லை.

அவர்களுடைய பதில் வந்தால் இங்கே போடுங்கள். ஒத்திகைப் பக்கத்தை எனக்கு அனுப்பினால் சோதித்து அறிக்கை எழுதித் தருகிறேன், ஆனால் அந்த வேலைக்கு அவர்கள் கட்டணம் தரவேண்டும். இலவசமாக வேண்டாம், நான் செய்யும் தொழில் இது.

மற்ற பார்வையற்ற நண்பர்களும் எந்த மாதிரியான டெஸ்ட்டில் எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள். தளத்தின் பெயரைப் பொதுவில் போடவேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள். எந்தப் பிரவுசர், எந்தத் திரைவாசிப்பான், எந்த வகைக் கேள்வி என்பது மட்டும் இங்கே போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வருவதைத் தொகுத்து அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். கருப்புக்கோட்டு சார், மாநில ஆணையருக்கு எழுத ஒரு மாதிரி மனு இருந்தால் ஒருங்குறியில் இங்கே ஒட்டுங்கள், பிடிஎஃப் வேண்டாம்.